சுனாமி வந்தா எந்தப் பக்கம் ஓடணும்? கடலோரப் பள்ளிப் பிள்ளைகளின் கேள்விகள்

நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரத்தில் அறிவியல் டீச்சராக இருக்கிறேன். அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்ததும், டிசம்பர் 26 நினைவு நாளில் ஊரில் மெழுகுவத்தி ஏற்றியதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். 2004-இல் இவர்களில் ஒருவரும் பிறக்கவில்லை. இவர்களுடைய அம்மா அப்பாவே அப்போது பள்ளிப் பிள்ளைகள். வீட்டில் அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியவர்கள் எழுந்து போய்விடுகிறார்களாம். அதனால் கேள்வியெல்லாம் என்னிடம் வருகிறது. வருடா வருடம் வருவது அதே சந்தேகங்கள்தான் என்பதால், பிள்ளைகள் கேட்டபடியே இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

சுனாமின்னா பெரிய அலைதானே டீச்சர்?

பெரியது என்பதைவிட வேறு மாதிரியானது என்பதுதான் சரி. கரையில் நாம் தினமும் பார்க்கும் அலை காற்றால் வருவது. காற்று கடலின் மேல்பகுதியைத்தான் அசைக்கும். முக்குளிக்கத் தெரிந்த அண்ணன்களைக் கேளுங்கள்: மேலே அலை புரண்டுகொண்டிருக்கும்போதும் கீழே போகப் போக அசைவு அடங்கிவிடும். சுனாமியில் கடலடித் தரையிலிருந்து மேல்மட்டம் வரை மொத்தத் தண்ணீரும் அசைகிறது.

இன்னொரு வித்தியாசம் நேரம். சாதாரண அலை சில நொடிகளில் வந்து உடைந்து திரும்பிவிடும். சுனாமியில் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே 10 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரைகூட ஆகும். அதில் பல நிமிடம் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், பிறகுதான் திரும்பும். பார்த்தவர்கள் "அலை அடிச்சுது" என்று சொல்வதில்லை, "கடலே எழும்பி வந்துச்சு" என்கிறார்கள். அது சரியான வர்ணனை.

பெயர் ஜப்பானியப் பெயர். 'சு' என்றால் துறைமுகம், 'நாமி' என்றால் அலை. தமிழில் ஆழிப்பேரலை என்கிறோம். கடல்கோள் என்பது அதைவிடப் பழைய சொல். 2004 வரை இந்த மூன்றில் எதுவுமே நம் கரையில் யார் வாயிலும் வந்து நான் கேட்டதில்லை.

அது எப்படி உண்டாகுது?

பிளாஸ்டிக் ஸ்கேலின் ஒரு முனையை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுமுனையை வளைத்துவிட்டு விடுங்கள். பட்டென்று எழும்பும் இல்லையா? இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு மேற்கே கடலுக்கு அடியில் இந்தியத் தட்டு, பர்மா தட்டுக்குக் கீழே மெல்ல நுழைந்துகொண்டிருக்கிறது (தட்டு என்றால் பூமியின் மேலோட்டில் ஒரு பெரிய துண்டு). இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் மேலே இருக்கும் தட்டின் விளிம்பு நூற்றுக்கணக்கான வருடங்களாக வளைந்துகொண்டே போனது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, நம் நேரப்படி காலை 6:28 மணிக்கு அது விடுபட்டு எழும்பியது. நிலநடுக்கத்தின் அளவு 9.1.

விடுபட்ட நீளம் 1,200 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய், திரும்ப விழுப்புரம் வரை வந்தால் எவ்வளவோ அவ்வளவு. அத்தனை நீளத்துக்கும் கடலடித் தரை சில மீட்டர் மேலே ஏறினால் அதன் மேல் நிற்கும் தண்ணீர் எங்கே போகும்? அதுவும் ஏறியது, பிறகு இரண்டு பக்கமும் வழிந்தது. எரிமலையாலும் சுனாமி வரும்: 1883-இல் கிரக்கட்டோவா வெடித்தபோது வந்தது. மலைச்சரிவு கடலில் விழுந்தும் வரும். ஆனாலும் பெரும்பாலான சுனாமிகளுக்குக் காரணம் கடலடி நிலநடுக்கம்தான்.

அப்ப பூகம்பம் வந்தாலே சுனாமி வந்துடுமா?

வராது. 2012 ஏப்ரல் 11 மத்தியானம் அதே சுமத்ரா பக்கம் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தது. சென்னையில்கூடக் கட்டடம் ஆடி ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். எச்சரிக்கை விட்டார்கள், கரையோரத்தில் ஆட்களை அப்புறப்படுத்தினார்கள். கடல் ஏறியதோ மிகக் கொஞ்சம். அந்தத் தடவை தட்டு மேலே எழும்பவில்லை, பக்கவாட்டில் நழுவியது.

வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு டப் தண்ணீரில் தட்டை அடியில் வைத்துப் பக்கவாட்டில் மெதுவாக இழுங்கள், மேலே பெரிதாக ஒன்றும் தெரியாது. அதே தட்டைச் சட்டென்று மேலே தூக்குங்கள், தரையெல்லாம் தண்ணீர். (அம்மாவிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள்.) ஆனால் நிஜத்தில் தட்டு எழும்பியதா நழுவியதா என்று கரையில் நின்றுகொண்டு நீங்களோ நானோ சொல்ல முடியாது. ஆகவே, அது தெரியும்வரை கரையில் நிற்கக் கூடாது.

சுமத்ராலேர்ந்து தண்ணி இவ்ளோ தூரம் ஓடி வந்துச்சா?

தண்ணீர் வரவில்லை, அசைவுதான் வந்தது. பழைய சேலை ஒன்றின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு ஒருவர் உதறினால் மடிப்பு ஒன்று எதிர்முனைவரை ஓடும். சேலை யார் கையையும் விட்டுப் போவதில்லை.

எவ்வளவு வேகம் என்பதை எட்டாம் வகுப்புக் கணக்கிலேயே போடலாம். கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்துப் பத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், ஒரு நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். ஆழம் 4,000 மீட்டர் என்றால் 40,000-இன் வர்க்கமூலம் 200. நொடிக்கு 200 மீட்டர் என்றால் மணிக்கு 720 கிலோமீட்டர், விமான வேகம். ஆழம் 10 மீட்டராகக் குறைந்தால் நொடிக்கு 10 மீட்டர்தான், மணிக்கு 36 கிலோமீட்டர். வேகம் குறைந்துவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டாம். 100 மீட்டரைப் பத்து நொடியில் ஓடுவது ஒலிம்பிக் வீரர்களுக்கே பெரும்பாடு. அலையைப் பார்த்த பிறகு ஓடி ஜெயிக்க முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

அவ்ளோ வேகமா வந்தா நடுக்கடல்ல இருந்த போட்டெல்லாம் ஏன் கவுறல?

நிலநடுக்கம் நடந்து இரண்டு மணி நேரம் கழித்து, வங்கக் கடலுக்கு மேலே போன ஒரு செயற்கைக்கோள் அந்த அலையை அளந்தது. உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். உங்கள் பெஞ்சைவிடக் கொஞ்சம்தான் உயரம். ஓர் அலையின் நீளமோ நூறு கிலோமீட்டருக்கு மேல். படகு பல நிமிடங்களில் அரை மீட்டர் ஏறி இறங்கும், மேலே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. விடியற்காலை தொழிலுக்குப் போயிருந்த பலர், கரைக்குத் திரும்பி வந்துதான் தெரிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் சொல்வதில்லை, நாம் கேட்பதும் இல்லை.

கரைக்கு வந்ததும் அது ஏன் உயர்ந்தது? நம் பள்ளி விடும் மணி அடித்ததும் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். மைதானத்தில் எல்லாரும் பரவலாக ஓடி வருகிறீர்கள். கேட் கிட்டே முன்னால் போனவர்கள் மெதுவாகிறார்கள். பின்னால் வருபவர்களுக்கு அது தெரியாது, அதே வேகத்தில் வந்து முட்டுகிறார்கள். கேட்டில் நெருக்கம். ஆழம் குறையக் குறைய அலையின் முன்பகுதி மெதுவாகிறது, பின்பகுதி வந்து ஏறுகிறது, நெருக்கம் உயரமாக மாறுகிறது. சுமத்ராவின் லோக்ங்கா பக்கம் தண்ணீர் ஏறிய உயரம் 30 மீட்டருக்கும் மேல்.

அதனால் ஏற்கெனவே ஆழ்கடலில் இருக்கும் படகு, எச்சரிக்கை கேட்டால் அங்கேயே நிற்பது நல்லது. எத்தனை பாகம் ஆழத்தில் (பாகம் என்பது மீனவர்கள் கடலின் ஆழத்தை அளக்கும் கணக்கு) நிற்க வேண்டும் என்பதை அப்பாக்களுக்கு மீன்வளத் துறை சொல்லும். கரையில் கட்டியிருக்கும் படகைக் காப்பாற்ற மட்டும் யாரும் ஓடக் கூடாது.

கடல் உள்வாங்கினாதானே சுனாமி வரும்? உள்வாங்கினா ஓடிடலாம்ல?

எல்லாரும் தவறாக நம்புவது இதைத்தான். ஸ்கேலை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை எழும்பும்போது அதற்குப் பின்னால் உள்ள பகுதி தாழும். 2004-இல் மேற்குப் பக்கம், அதாவது நம் பக்கம், தரை எழும்பியது. கிழக்கே தாய்லாந்துப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்தில் முதலில் கடல் உள்வாங்கியது. புக்கெட் தீவில் ஒரு கடற்கரையில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு விசித்திரமாக நடப்பதைப் பார்த்த பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி, இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் படித்தது ஞாபகம் வந்து கத்த, அந்தக் கரையே காலியானது.

நம் கரையிலும் இலங்கையிலும் முதலில் வந்தது ஏற்றம். அது வந்து போன பிறகுதான் கடல் உள்வாங்கியது, அதற்குப் பிறகு இன்னும் பெரிதாக வந்தது. உள்வாங்கியதும் துள்ளிக்கொண்டிருந்த மீனைப் பொறுக்கவும் வேடிக்கை பார்க்கவும் இறங்கியவர்கள் பலர், அவர்களில் உங்கள் வயதுப் பிள்ளைகளும் உண்டு.

ஆக, உள்வாங்கினால் ஓடுங்கள். உள்வாங்கவில்லை என்று நிற்காதீர்கள். கரையில் இருக்கும்போது நிலம் ஆடியது, கடல் திடீரென்று ஏறியது அல்லது இறங்கியது, ரயில் வருவது போல் கடல் பக்கம் இரைச்சல் கேட்டது, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: இவற்றில் ஏதாவது ஒன்று போதும். இரண்டாவது அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம்.

டீவில அடிக்கடி 'கடல் உள்வாங்கியது'ன்னு போடுறாங்களே, அப்பல்லாம் சுனாமி வரலியே?

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் (கடல் தினமும் ஏறி இறங்குவது) வற்றும்போதும், காற்று மாறும்போதும் கடல் உள்ளே போகும். ராமேஸ்வரம், திருச்செந்தூர் பக்கம் சில நாள் பாறையெல்லாம் தெரியும். அது மணிக்கணக்கில் மெல்ல நடப்பது. சுனாமியில் சில நிமிடங்களிலேயே, யாரும் பார்த்திராத தூரத்துக்குத் தரை தெரியும். வித்தியாசம் புரியவில்லை என்றால் முதலில் கரையைவிட்டு வந்துவிட்டு யோசியுங்கள். அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்களே, அவர்களுக்கு நான் பாடம் எடுக்கவில்லை.

பௌர்ணமி அன்னைக்குத்தான் வருமாமே? எங்க ஆயா சொல்லுச்சு.

ஆயா பொய் சொல்லவில்லை, 2004 டிசம்பர் 26 பௌர்ணமிதான். ஆனால் ஜப்பானைச் சுனாமி தாக்கிய 2011 மார்ச் 11 அமாவாசையும் இல்லை, பௌர்ணமியும் இல்லை. ஓதம் நிலவால் வருவது. சுனாமி தரைக்கடியிலிருந்து வருவது. சுனாமி வரும் நேரம் ஓதம் ஏறியிருந்தால் தண்ணீர் இன்னும் கொஞ்சம் உள்ளே வரும், சம்பந்தம் அவ்வளவுதான்.

ராமேஸ்வரத்துல பெருசா ஒண்ணும் ஆகல. அதைத் தாண்டி இருக்கிற கொளச்சல்ல மட்டும் எப்படி?

இதைக் கேட்டது ஏழாம் வகுப்புப் பெண். நல்ல கேள்வி. வரைபடத்தைப் பாருங்கள், ராமேஸ்வரத்துக்கும் சுமத்ராவுக்கும் நடுவில் இலங்கை குறுக்கே படுத்திருக்கிறது. அந்த அடியை இலங்கையின் கிழக்குக் கரையும் தெற்குக் கரையும் வாங்கிக்கொண்டன. 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பாக் நீரிணை ஆழமும் குறைவு. நாகப்பட்டினத்துக்கு அப்படி மறைப்பு இல்லை. தமிழ்நாட்டில் இறந்த சுமார் 8,000 பேரில் பெரும்பகுதி நம் மாவட்டத்தில்தான்.

ஆனால் அலை, சுவர் மறைவில் நிற்பவரை விட்டுவிடும் வெளிச்சம் மாதிரி இல்லை. தீவின் முனையில் வளைந்து பின்பக்கமும் போகும். இலங்கையின் தென்முனையைச் சுற்றி வளைந்து வந்துதான் கன்னியாகுமரி, கொளச்சல், கேரளத்தின் கொல்லம் வரை அடித்தது. "எங்க கடற்கரை அந்தப் பக்கம் பார்க்கல" என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

எல்லாப் பக்கமும் ஒரே பலத்தோடும் பரவாது. உடைந்த கோடு வடக்கு தெற்காக நீண்டிருந்ததால், பலம் அதிகமும் கிழக்கு மேற்காகப் போனது. வங்கக் கடலின் வடக்கு முனையில் இருக்கும் பங்களாதேஷுக்குச் சேதம் மிகக் குறைவு. சுமார் 5,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆப்பிரிக்காவின் சோமாலியாவிலோ நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

நமக்கு எவ்ளோ நேரம் இருக்கும்?

6:28-க்கு நிலம் ஆடியது. நம் கரைக்கு அலை வந்தது 9 மணி வாக்கில். நடுவில் இரண்டரை மணி நேரம். நாகப்பட்டினத்திலிருந்து நடந்தே பத்து கிலோமீட்டர் போயிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை, சொல்ல ஏற்பாடும் இல்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது எப்போதும் ஒரு நிமிடம் யாரும் பேசமாட்டார்கள்.

இப்போது ஏற்பாடு இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு மையம் 2007 அக்டோபரிலிருந்து இரவு பகலாகக் கவனிக்கிறது. நிலநடுக்கம் வந்த பத்து நிமிட வாக்கில் முதல் அறிவிப்பு தயாராகிவிடும். நடுக்கடலில் கடலடித் தரைமேல் வைத்திருக்கும் அழுத்தமானிகளும், துறைமுகங்களில் உள்ள ஓதமானிகளும் நிஜமாகவே அலை கிளம்பியதா என்று காட்டும். அங்கிருந்து சென்னை, கலெக்டர் அலுவலகம், ஊர் ஒலிபெருக்கி. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

இது நமக்கு. அந்தமான் நிக்கோபாரில் இருக்கும் உங்கள் மாமா வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டரை மணி நேரம் கிடைக்காது, சில இடங்களில் நிமிடக் கணக்குதான். அங்கே நில ஆட்டமே எச்சரிக்கை. சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமெலு என்று ஒரு தீவு. 1907-இல் அங்கே வந்த பேரலையை 'ஸ்மோங்' என்று தாத்தா பாட்டிகள் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக ஆடினால் மலைக்கு ஓடு. 2004-இல் கிட்டத்தட்ட 78,000 பேர் இருந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர்.

எந்தப் பக்கம் ஓடணும்? நம்ம ஊர்ல மலையே இல்லையே.

கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே. ஆற்றங்கரை வழியாக வேண்டாம். கடுவையாறு, வெட்டாறு, வெள்ளையாறு போன்றவற்றின் முகத்துவாரம் வழியாகத் தண்ணீர் ஊருக்குள் ரொம்ப தூரம் ஏறும். நேரம் இருந்தால் இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே போய்விடுங்கள். நேரம் இல்லை என்றால் உயரம்: உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மூன்றாம் மாடியோ அதற்கு மேலோ, அல்லது ஊரில் உள்ள புயல் பாதுகாப்பு மையம். முடிந்தவரை நடந்தே போங்கள். எல்லாரும் பைக்கை எடுத்தால் ரயில்வே கேட்டில் எல்லாரும் நிற்க வேண்டியதுதான்.

ஓர் அவமானக் கதை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒத்திகை வைத்தோம். மணி அடித்தது, பிள்ளைகள் அழகாக வரிசையில் மாடிப்படி ஏறினார்கள், மொட்டைமாடிக் கதவில் பூட்டு. சாவி வாட்ச்மேன் அண்ணனின் இடுப்பில். அண்ணன் டீக்கடையில். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் படியிலேயே உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். மாடிக்குப் போய்ச் சேர 11 நிமிடம் ஆனது.

அம்மா வீட்ல, அப்பா கடல்ல, தம்பி வேற ஸ்கூல்ல. நான் மட்டும் எப்படி ஓடுறது?

இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஜப்பானில் கமாய்ஷி என்ற ஊரில் இதே கேள்வியைத்தான் பல வருடம் முன்கூட்டியே பேசிவைத்தார்கள். அவரவர் அவரவர் இடத்திலிருந்து ஓட வேண்டும், ஒருவரையொருவர் தேடிப் போகக் கூடாது என்பது அங்கே பழைய வழக்கம். 2011 மார்ச் 11 அன்று அந்த ஊர்ப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் யார் சொல்வதற்கும் காத்திராமல் ஓடினார்கள். வழியில் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் போய் நின்ற இடம் போதாது என்று தோன்றியதும் இன்னும் மேலே ஏறினார்கள். கிட்டத்தட்ட 3,000 பள்ளிப் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

அது எப்படி முடிந்தது என்றால், "என் பிள்ளை ஓடியிருப்பான்" என்று அம்மா நம்பியதால் அம்மாவும் ஓட முடிந்தது. இல்லாவிட்டால் அம்மா பள்ளிக்கு வருவார், நீங்கள் வீட்டுக்குப் போவீர்கள், இரண்டு பேரும் கடற்கரைச் சாலையில். இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டுவிடுங்கள்: நான் எங்கே ஓடணும், நீங்க எங்கே ஓடுவீங்க, அப்புறம் எல்லாரும் எந்த இடத்துல பார்த்துக்கலாம்?

முதல் அலை போனதும் வீட்டுக்கு வந்து புக்கு, சர்டிபிகேட்டெல்லாம் எடுத்துக்கலாமா?

கூடாது. முதல் கேள்வியிலேயே சொன்னேன், அடுத்த அலைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அந்த இடைவெளியில்தான் ஜனங்கள் திரும்பினார்கள். இலங்கையில் பெராலியாவில் முதல் அலையில் ஒரு ரயில் நின்றுபோனது. ரயில் கனமானது, பத்திரம் என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் ஏறிக்கொண்டார்கள். அடுத்து வந்த பெரிய அலை பெட்டிகளைப் புரட்டிப் போட்டது. 1,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை என்று படித்திருக்கிறீர்களே, அந்தப் பாடம்தான் இது.

1960-இல் சிலியில் கிளம்பிய சுனாமி ஹவாய் தீவின் ஹிலோ நகரத்துக்கு வர 15 மணி நேரம் ஆனது. எச்சரிக்கையும் இருந்தது. முதலில் வந்த அலைகள் சின்னதாக இருக்க, இவ்வளவுதானா என்று சிலர் திரும்பினார்கள். 61 பேர் இறந்தார்கள். அதிகாரிகள் அறிவிக்கும்வரை, எத்தனை மணி நேரமானாலும், திரும்பக் கூடாது. சர்டிபிகேட் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அதற்கு நானே மனு எழுதித் தருகிறேன்.

எனக்கு நல்லா நீச்சல் தெரியும் டீச்சர். அப்பவும் ஓடணுமா?

ஓட வேண்டும். அந்தத் தண்ணீரில் படகு, மரம், தகரம், கம்பி, கண்ணாடி எல்லாம் கலந்து வரும். முழங்கால் அளவு நீரோட்டமே பெரியவர்களைத் தள்ளிவிடும். ஒருவேளை மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாதீர்கள். மிதக்கும் எதையாவது பிடித்துக்கொண்டு, ஏற முடிந்த இடம் வந்ததும் ஏறுங்கள்.

நாய், மாடெல்லாம் முன்னாடியே ஓடிடுமாமே?

அப்படிப் பார்த்ததாகப் பலர் சொல்கிறார்கள். சில விலங்குகளுக்கு நாம் உணராத அதிர்வு தெரியக்கூடும். ஆனால் எங்கள் தெரு நாய் தினமும் காரணமே இல்லாமல் ஓடுகிறது. அதை நம்பி இருக்க வேண்டாம்.

ஓடிப் போயி, கடைசில ஒண்ணுமே வரலைன்னா எல்லாரும் சிரிப்பாங்களே?

சிரிப்பார்கள். 2005 மார்ச் 28 ராத்திரி சுமத்ரா பக்கம் மறுபடி பெரிய நிலநடுக்கம் வந்ததும் நம் கரையில் ஊர் ஊராகக் கிளம்பி ஓடினார்கள், ஒன்றும் வரவில்லை. 2012 கதையை மேலேயே சொல்லிவிட்டேன். அப்படி ஆகும்போது வருத்தப்படாமல் ஒரு காரியம் செய்யுங்கள். மணி அடித்ததிலிருந்து மேலே போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆனது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பழைய பள்ளியின் 11 நிமிடம் இன்னும் என் டைரியில் இருக்கிறது. அதற்கு அடுத்த ஒத்திகை 6 நிமிடம், அதற்கடுத்தது 4. சாவியை ஆறாம் வகுப்பு வாசலில் ஒரு ஆணியில் மாட்டினோம், குட்டையானவர்களுக்கும் எட்டுகிற உயரத்தில்.